பழைய பிக்கப் வண்டியில் எரிபொருள் குழாய்க் கசிவு: அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பழைய பிக்கப் வண்டியின் அடியில் பெட்ரோல் சொட்டுவதைப் பார்த்தவுடன் பெரும்பாலானோர் ஈரமாக இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே உள்ள ரப்பர் ஹோஸை மாற்றிவிடுகிறார்கள். அந்த ஹோஸில் பல நேரங்களில் குற்றமே இருப்பதில்லை. எங்கோ முன்னால் கசிந்த பெட்ரோல் குழாயின் அடிப்பக்கத்தை ஒட்டியே வழிந்து வந்து, குழாய் தாழ்ந்து வளையும் இடத்தில்தான் தரையில் விழும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் எதிர்காற்று அதை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகவே எங்கே சொட்டுகிறது என்று கேட்பதற்கு முன் எப்போது சொட்டுகிறது என்று கேட்க வேண்டும். டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டுமா, சாவியைத் திருப்பியதுமா, இன்ஜின் ஓடும்போது மட்டுமா, அல்லது சொட்டே இல்லாமல் வாசனை மட்டும் வருகிறதா என்பது தெரிந்துவிட்டால், படுத்துத் தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறைந்துவிடும். கீழே உள்ள பகுதிகள் இந்த அறிகுறிகளின்படியே பிரிக்கப்பட்டிருக்கின்றன.

எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது

பழைய பிக்கப்புகளில் பொதுவாக மூன்று குழாய்கள் சேசிஸின் உட்பக்கத்தை ஒட்டி முன்னும் பின்னுமாக ஓடும். தடித்தது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கொண்டுபோகும் சப்ளை லைன். அது பெரும்பாலும் 8 அல்லது 9.5 மி.மீ. வெளிவிட்டம் கொண்டதாக இருக்கும். மிஞ்சிய பெட்ரோலைத் திரும்ப டேங்குக்குக் கொண்டுவருவது ரிட்டர்ன் லைன். மூன்றாவது, டேங்கில் எழும் ஆவியைக் கரித்தூள் நிரம்பிய டப்பாவுக்குக் கொண்டுபோகும் ஆவிக் குழாய். அதில் திரவம் ஓடுவதில்லை என்பதால் அது உடைந்திருந்தாலும் சொட்டாது, நாறும்.

அழுத்தம் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எந்த ஹோஸ், எந்த இணைப்பு தாங்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கார்ப்பரேட்டர் வண்டியில் இன்ஜினோடு பொருத்திய மெக்கானிக்கல் பம்ப் ஏறக்குறைய 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரைதான் தரும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலேயே பெட்ரோலைத் தெளிக்கும் தொடக்ககால இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது 10 முதல் 15 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள வண்டியில் 35 முதல் 65 பிஎஸ்ஐ வரை போகும். முதல் வகையில் சொட்டாக வருவது, மூன்றாவது வகையில் மெல்லிய பீச்சலாக வந்து சூடான சைலன்சர் குழாயின் மேல் போய் விழலாம். இந்த வேறுபாட்டை மறந்து, கார்ப்பரேட்டர் வண்டியில் பழகிய கையோடு இன்ஜெக்‌ஷன் வண்டியில் வேலை செய்வதுதான் நான் அறிந்தவரை மிக அதிகமான மறு கசிவுகளுக்குக் காரணம்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு படிந்து, பள்ளமான மூலைகளில் தேங்கி நிற்கும். வண்டிக்கடியில் படுத்திருக்கும் நீங்கள் அந்தத் தேக்கத்துக்குள்தான் இருக்கிறீர்கள். ஆகவே வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். அடியில் பள்ளம் வெட்டிய தரையில் செய்ய வேண்டாம். கண்ணாடி பல்பு போட்ட கைவிளக்கைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு துளி பெட்ரோல் விழுந்து சூடான பல்பு வெடித்தால், அந்த இழையே தீக்குச்சியாகிவிடும். பேட்டரியில் ஓடும் எல்இடி விளக்கு போதும். பெட்ரோல் தீக்கு ஏற்ற பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வண்டிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாமல், சமதரையில் ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கிவிட்டே போக வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை வெளியேற்றியாக வேண்டும். எரிபொருள் பம்பின் ரிலேயையோ ஃபியூஸையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட்டினால், குழாயில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். பிறகு சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து, கடைசியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆனால் பெட்ரோல் கண்ணெதிரே பீச்சிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த முறையைக் கையாளக் கூடாது. அங்கே இன்ஜினைத் தொடாமல், ஆறவிட்டு, பேட்டரியைக் கழற்றி, எரிபொருள் குழாயில் அழுத்தமானி மாட்டுவதற்காக உள்ள சோதனை வால்வின் மேல் கனத்த துணியைச் சுற்றி மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். எப்படி வெளியேற்றினாலும் இணைப்பைத் திறக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் வரத்தான் செய்யும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாசனை வருகிறது, சொட்டு இல்லை

பெட்ரோல் வேகமாக ஆவியாகக்கூடியது. ஊசிமுனை அளவு கசிவு, சூடான குழாயில் ஏற்பட்டால் தரைக்கு வருமுன்னரே காய்ந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் ஈரத்தைத் தேடிப் பயனில்லை, அது விட்டுச்சென்ற தடத்தைத் தேட வேண்டும். சேசிஸ் முழுவதும் ஒரே சீராகப் புழுதி படிந்திருக்கும்போது, ஓரிடத்தில் மட்டும் புழுதி கறுத்துப் பசைபோல ஒட்டியிருக்கும், அல்லது ஓரிடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். இரண்டும் கசிவின் அடையாளங்களே.

தடம் தெரியவில்லை என்றால் குழாயைத் துடைத்து உலரவிட்டு, அதன் மேல் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். சாவியை இரண்டு மூன்று முறை இன்ஜின் ஓடாத நிலை வரை மட்டும் திருப்பினால், மின்பம்ப் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு நொடி ஓடி அழுத்தத்தை ஏற்றும். வெள்ளைப் பொடியில் முதலில் கறுக்கும் புள்ளிதான் கசிவின் தலை. அதற்குக் கீழே இருக்கும் ஈரமெல்லாம் அதன் வால். செலவே இல்லாத இந்தச் சோதனையை, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கலந்து தேடும் முறைக்கு முன்பாகவே செய்துபாருங்கள். பெரும்பாலும் சாயம் தேவைப்படாது.

பொடி காய்ந்தபடியே இருந்து, வாசனை மட்டும் வெயில் ஏறிய பிறகு அதிகமானால், ஆவிக் குழாயையும் கரிடப்பாவையும் டேங்க் மூடியின் ரப்பரையும் பாருங்கள். கேபினுக்குள் வாசனை வந்தால் டேங்கை நிரப்பும் கழுத்துக் குழாயில் உள்ள ரப்பரை ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் அமுங்கி எழும். காலம் முடிந்த ரப்பர் அமுங்கும்போதே வரிவரியாக வெடிப்பு காட்டும்.

அறிகுறி: டேங்கை நிரப்பினால் மட்டும் சொட்டுகிறது

பாதி டேங்க் வரை எந்தத் தொந்தரவும் இல்லை, நிரப்பிய அன்று மட்டும் பின்சக்கரத்துக்கு அருகில் நனைகிறது என்றால், சேசிஸ் ஓரமாக ஓடும் குழாய்களை மறந்துவிடலாம். குறை டேங்கின் மேல்புறத்தில் இருக்கிறது. பம்பும் மிதவையும் இறங்கும் வாயில் உள்ள ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) தட்டையாகிப்போயிருக்கலாம். அந்த வாயைச் சுற்றி மண்ணும் தண்ணீரும் ஆண்டுக்கணக்கில் தேங்கி டேங்கின் தகடே துருப்பிடித்துச் சல்லடையாகியிருக்கலாம். அல்லது மேலிருந்து கிளம்பும் குழாய்களின் முதல் ஒரு சாண் நீளம் துருவில் ஓட்டை விழுந்திருக்கலாம். மூன்றையும் கீழே படுத்துப் பார்க்க முடியாது.

டேங்கை இறக்குவதா, பின்பாடியைத் தூக்குவதா என்ற கேள்வி இங்கே எழும். 60 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 45 கிலோ எடை, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே ஓடும் எடை. ஆகவே நிறைந்த டேங்கை ஒற்றை ஜாக்கில் இறக்கும் எண்ணம் வேண்டாம். பிக்கப்பில் உள்ள வசதி என்னவென்றால், சரக்கு ஏற்றும் பின்பாடி தனித் துண்டு. வழக்கமாக ஆறு அல்லது எட்டு போல்ட்டுகள், நிரப்பும் கழுத்தைப் பிடித்திருக்கும் சில திருகுகள், பின்விளக்கு வயரின் இணைப்பு, ஒரு எர்த் வயர் ஆகியவற்றை விடுவித்தால், நான்கு பேர் சேர்ந்து பாடியைப் பின்னால் நகர்த்திவிடலாம். இரண்டு போல்ட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்த்து முட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. போல்ட்டுகள் துருவேறாமல் இருக்கும் வண்டியில் டேங்கை இறக்குவதைவிட இதுவே எளிது, டேங்கின் மேல்புறம் பகல் வெளிச்சத்தில் முழுதாகக் கண்ணில் படும்.

மேல்வாயைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் அகற்றித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது அப்படியே டேங்குக்குள் விழுந்து அடுத்த மாதம் ஃபில்டரை அடைக்கும். பூட்டு வளையத்தைப் பித்தளைத் துண்டாலோ கட்டையாலோ தட்டிச் சுழற்ற வேண்டும். இரும்பு உளியும் சுத்தியலும் அங்கே தீப்பொறியைத்தான் கொடுக்கும். வாயைத் திறந்த பின் பழைய ஓ-ரிங் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் திரும்பப் போட வேண்டாம். பெட்ரோலில் ஊறி உப்பியது உலர்ந்ததும் சுருங்கும், திரும்ப அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது.

இரண்டு டேங்க் உள்ள பழைய வண்டிகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. டேங்க் மாற்றும் வால்வு உள்ளே பழுதானால், ஒரு டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோலின் மிச்சம் மற்ற டேங்குக்குத் திரும்பிப் போய், அது நிரம்பி மூடி வழியாக வழியும். ஓட்டாத டேங்கின் முள் தானாக ஏறுகிறது என்றால், குழாய்களைத் தேடாமல் வால்வை மாற்றுங்கள்.

அறிகுறி: சாவியைத் திருப்பியதும் தொடங்கி, வண்டியை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் சொட்டுகிறது

இது சப்ளை லைன். டேங்கில் உள்ள மின்பம்பின் தடுப்பு வால்வு, இன்ஜின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தம் தீரும் வரை சொட்டு தொடரும், பிறகு நிற்கும். அழுத்தமானியைச் சோதனை வால்வில் மாட்டிப் பார்த்தால், சாவியை அணைத்த சில நிமிடங்களிலேயே முள் விழுந்துவிடும். ஆனால் முள் விழுவதால் மட்டும் குழாய் கசிகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தடுப்பு வால்வு தேய்ந்தாலும், இன்ஜெக்டர் உள்ளுக்குள் ஒழுகினாலும் முள் விழும். தரையும் குழாயும் காய்ந்திருந்தால் சந்தேகம் அந்தப் பக்கம் போக வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்களின் வரிசை என் அனுபவத்தில் இதுதான். முதலில் குழாயைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடிப்பகுதி. ஈர மண்ணும் சாலை உப்பும் கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் சிக்கி, வெளியே வராமல் அங்கேயே இருந்து இரும்பைத் தின்னும். கிளிப்புக்கு இரண்டு விரல் தள்ளி குழாய் பளபளப்பாக இருக்கும், கிளிப்பைத் திருகித் திறந்தால் உள்ளே பொருக்குத் தட்டிய துரு உதிரும். பொருக்கை ஸ்குரூ டிரைவரால் சுரண்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சுரண்டினால் கசிவே இல்லாத இடத்திலும் கசிவு தொடங்கும், எனவே மாற்றுக் குழாய் கையில் இல்லாதபோது சுரண்ட வேண்டாம். அடுத்தது பின் ஆக்ஸிலுக்கு மேலே குழாய் வளைந்து ஏறும் பகுதி, சக்கரம் அடிக்கும் சேறு நேராக அங்கேதான் போகும். பிறகு ஃபில்டரின் இரு முனைகள். கடைசியாக, குழாயும் பிரேக் லைனும் உரசிக்கொண்டு ஓடும் இடம். அங்கே ஈரத்தைத் தொட்டு முகர்ந்துபாருங்கள், பெட்ரோலாக இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அது பிரேக் ஆயில்; அந்த வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் பிரேக்கைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: இன்ஜின் ஓடும்போது மட்டும் சொட்டுகிறது, நிறுத்தினால் உடனே நிற்கிறது

சாவியைத் திருப்பி வைத்தால் சொட்டு இல்லை, இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் வருகிறது என்றால் ரிட்டர்ன் லைனைப் பாருங்கள். அதில் அழுத்தம் மிகக் குறைவு, ஆனால் ஓட்டம் நிறைய. ஓட்டை பெரிதாக இருந்தாலும் சப்ளை லைனைப் போலப் பீச்சாது, கொடகொடவென்று வழியும். அழுத்தம் குறைவு என்பதால் இதில் பழுதுபார்ப்பும் எளிது.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்ப்பரேட்டர் வண்டியில் இதே அறிகுறிக்கு வேறு பொருள் உண்டு. பம்பின் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு கிழிந்தால், அதன் உடலில் உள்ள சிறு துவாரத்தின் வழியாகப் பெட்ரோல் வெளியே வரும். வெளியே வராமல் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்துபாருங்கள். ஆயில் அளவு ஊற்றாமலேயே ஏறியிருந்து, பெட்ரோல் வாசனையும் அடித்தால், வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. பம்பை மாற்றுவதோடு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே இன்ஜினை ஓட்ட வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சொட்டே காணாமல் கரும்புகை வந்து, சூடான இன்ஜின் மறுபடி எழும்ப அடம்பிடித்தால், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் அழுத்த ரெகுலேட்டரில் மாட்டியிருக்கும் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் ஒரு துளி பெட்ரோல் இருந்தாலும் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது.

அறிகுறி: டீசல் பிக்கப், எங்கும் ஈரம் இல்லை, காலையில் எழும்ப மறுக்கிறது

டீசல் வண்டியில் டேங்கிலிருந்து, டீசலை உறிஞ்சியெடுக்கும் ஃபீடு பம்ப் வரையுள்ள குழாய், பழைய அமைப்புகளில், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஓட்டுநர்கள் "ஏர் எடுக்கிறது" என்று சொல்வது இதைத்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் கைப்பம்பை அடித்தால் எழும்பும், பிறகு நாள் முழுவதும் ஓடும், மறுநாள் அதே கதை.

ஃபீடு பம்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸைத் தற்காலிகமாக இணைத்து, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். குமிழ்கள் தொடர்ந்து வந்தால் காற்று அதற்குப் பின்னால், டேங்க் பக்கத்தில் நுழைகிறது. உறுதிசெய்ய, அதே இடத்தில் ஹோஸை ஒரு சிறு கேனில் உள்ள டீசலுக்குள் விட்டு ஓட்டுங்கள். குமிழ் நின்றால் பழைய குழாயில்தான் குற்றம் என்பதில் ஐயமில்லை. இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும் துணி பின்னிய சிறு ஓவர்ஃப்ளோ ஹோஸ்கள் வெடித்திருந்தாலும் இதே தொல்லை வரும். அவற்றைச் சுற்றி டீசல் ஈரமும் புழுதிப் பசையும் சேர்ந்திருக்கும்.

பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் எஃகுக் குழாய்கள் முற்றிலும் வேறு வகை. அவற்றில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அங்குள்ள அழுத்தத்தில் ஊசிபோல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது. ஓர் அட்டையை நீட்டிப் பிடித்துத் தேடுங்கள். அந்தக் குழாயை ஒட்டவோ வெட்டி இணைக்கவோ இடமில்லை, முழுக் குழாயைத்தான் மாற்ற வேண்டும்.

சரிசெய்தல்: இரும்புக் குழாய்

துரு தின்ற குழாயில் ஓட்டையுள்ள நான்கு விரல் அளவை மட்டும் வெட்டியெடுத்து, நடுவில் ரப்பர் ஹோஸைப் போட்டு இரண்டு கிளாம்ப் மாட்டிவிடுவதுதான் பரவலான பழக்கம். கார்ப்பரேட்டர் வண்டியிலும் ரிட்டர்ன் லைனிலும், வெட்டிய முனைகளில் ஹோஸ் வழுக்காதபடி வளையம்போல மேடு எழுப்பி, சரியான ஹோஸைப் போட்டால் இது நிற்கும். அதிக அழுத்தமுள்ள இன்ஜெக்‌ஷன் சப்ளை லைனில், வழவழப்பான குழாய் முனையின் மேல் ஹோஸை ஏற்றிக் கிளாம்ப் போடுவதை நான் ஏற்பதில்லை. கிளாம்ப் எவ்வளவு இறுகினாலும் ஒரு வெயில் நாளில் ஹோஸ் வழுக்கி வெளியே வரும். அதோடு, ஒரு கிளிப்பின் அடியில் ஓட்டை விழுந்த குழாயில் மற்ற கிளிப்புகளின் அடியிலும் அதே வயது, அதே துரு. ஃபில்டரிலிருந்து டேங்க் வரை, அல்லது ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை முழுதாக மாற்றுவது ஒரு நாள் வேலை. துண்டு துண்டாக மாற்றுவது ஆண்டு முழுவதும் நீளும் வேலை.

குழாய்க்கு எதை எடுப்பது? பூச்சுள்ள எஃகுக் குழாய் நல்லது, வளைக்கக் கருவி வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது, எளிதாக வளையும், முனையை விரிப்பதும் சுலபம். வீட்டில் வேலை செய்பவருக்கு நான் அதையே சொல்வேன். வெறும் செம்புக் குழாயை எடுக்காதீர்கள். அதிர்வில் அது இறுகி, ஒரு நாள் விரிந்த முனைக்கு அருகிலேயே வெடிக்கும். பெட்ரோலும் செம்பில் பட்டுப் பிசினாகும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பித்தளை வளைய இணைப்பையும் அழுத்தமுள்ள லைனில் நம்ப வேண்டாம்.

பழைய நட்டுகளைத் திறக்கும்போது சாதாரண திறந்தவாய் ஸ்பானர் முனைகளை உருட்டிவிடும். குழாய் நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் வெட்டுவிட்ட ஃபிளேர் நட் ஸ்பானரை நட்டிலும், இன்னொரு ஸ்பானரை ஃபில்டரின் பக்கத்திலும் பிடித்து, ஒன்றை நிறுத்தி மற்றதைத் திருப்புங்கள். துருநீக்கி எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவிடுங்கள். இறுகிய நட்டைத் தீயால் சூடேற்றும் வழக்கத்துக்கு இந்த வேலையில் இடமே இல்லை, குழாய் காலியாக இருந்தாலும்.

நீளத்தை அளக்க, பழைய குழாய் போகும் வழியெல்லாம் ஒரு நூற்கயிற்றை ஒட்டிக்கொண்டே போய், அதற்குமேல் ஒரு முழம் கூட்டி வெட்டுங்கள். ஹாக்ஸா ரம்பத்தால் அறுக்காதீர்கள், தூள் உள்ளே போகும். குழாய் வெட்டும் சக்கரக் கருவியை மாட்டி, ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு வீதம் மெல்ல இறுக்குங்கள். அவசரப்பட்டு இறுக்கினால் வாய் நசுங்கி உள்பக்கம் மடியும். வெட்டிய வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் சுரண்டிச் சமமாக்கி, குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தூளை உதிர்த்துவிட வேண்டும். இப்போது நட்டை மாட்டுங்கள், முனையை விரிப்பதற்கு முன்னால். நட்டை மறந்துவிட்டு இரண்டு முனையையும் அழகாக விரித்து முடித்து, பிறகு ஒரு முனையை வெட்டியெறிந்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்த ஒரு முழம் கூடுதல் நீளம் அதற்காகத்தான்.

முனையை ஒற்றையாக விரிக்காமல் இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். கருவியின் முதல் அச்சு வாயை உள்பக்கமாகச் சுருட்டும், இரண்டாவது கூம்பு அதைத் தன் மேலேயே மடித்து 45 டிகிரியில் படியவைக்கும். முடிந்ததும் ஒளியில் திருப்பிப் பாருங்கள். வட்டம் ஒரே அகலமாகவும், வெடிப்பு இல்லாமலும், நட்டுக்கு நடுவிலும் இருந்தால் சரி. ஒரு பக்கம் பிறை போலச் சாய்ந்திருந்தால் இறுக்கிப் பார்க்காமல் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். வெளிப்புறமாகக் குமிழ்போல உப்பிய முனைக்கு வெட்டிய இருக்கையில் இந்த முனை உட்காராது, ஆகவே பழைய முனையின் வடிவத்தையும் நட்டின் புரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே விரிக்கத் தொடங்க வேண்டும்.

வளைவுகளைக் கையால் முட்டியில் வைத்து மடக்கினால் உட்பக்கம் நசுங்கும், கருவியைப் பயன்படுத்துங்கள். குழாயைப் பழைய வழியிலேயே, சைலன்சரிலிருந்து தள்ளி, ஒவ்வொரு கிளிப்பிலும் ரப்பர் உறை வைத்துப் பிடிக்க வேண்டும். கிளிப் இல்லாமல் தொங்கும் குழாய் அதிர்வில் எங்காவது உரசி மறுபடி ஓட்டையாகும்.

ஹோஸும் கிளிக் இணைப்பும்

ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே30 தரத்தில் ஆர்7 என்று இருப்பது கார்ப்பரேட்டருக்கும் ஆவிக்கும் உரியது. ஆர்9 என்று இருப்பது இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு உரியது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே பருமன், கையில் வித்தியாசம் தெரியாது. டேங்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கியிருக்கும் துண்டுக்கு ஆர்10 வேண்டும், ஏனென்றால் மற்றவற்றின் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. சில மாதங்களில் கரைந்து கறுப்புக் கூழாகப் பம்பை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலைப் போடத் தொடங்கிய பிறகு பழைய ரப்பர் வேகமாக இளகுவதும் இதே வகைத் தொல்லைதான்.

பட்டையில் வெட்டு வெட்டாக ஓட்டை உள்ள சாதாரண திருகு கிளாம்ப், இறுக்கும்போது ரப்பரை அந்த ஓட்டைகளின் வழியாகப் பிதுக்கி வெட்டும். விளிம்பு சுருட்டிய, ஓட்டையில்லாத பட்டை உள்ள இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்தான் வேண்டும். அது முனையின் மேட்டைத் தாண்டி உட்பக்கமாக உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே போட்டால் கொஞ்சநாளில் தளரும்.

நைலான் குழாயில் கிளிக் என்று மாட்டும் இணைப்பு கசிந்தால் குற்றம் பெரும்பாலும் உள்ளே உள்ள ஓ-ரிங்கில்தான். அந்த அளவுக்குரிய விடுவிக்கும் கருவியை நுழைத்துக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் காது உடையும், முழுக் குழாயின் விலை சேரும். திரும்ப மாட்டும்போது ஆண் முனையில் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயிலைத் தடவி, கிளிக் சத்தம் கேட்ட பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். நைலான் குழாயை இடுக்கியால் நசுக்கி ஓட்டத்தை நிறுத்தும் பழக்கம் வேண்டாம், அது அந்த இடத்தில் கோடு விழுந்து பிறகு அங்கேயே வெடிக்கும்.

டேங்கின் தகட்டில் வியர்ப்பதுபோல வரும் ஊசிமுனைக் கசிவில் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பதும், இரண்டு மாவைப் பிசைந்து ஒட்டும் பசையை அப்புவதும் பழைய கைப்பழக்கங்கள். பெட்ரோல் சோப்பைக் கரைப்பதில்லை என்பதால் அது கொஞ்ச நேரம் நிற்பது உண்மைதான். சொட்டைக் குறைத்துவிட்டு மாற்று டேங்க் வரும் வரை வண்டியை வெளியில் ஒதுக்குப்புறமாக நிறுத்திவைக்க உதவும், அவ்வளவே. அழுத்தமுள்ள குழாயில் அவற்றால் ஒரு பயனும் இல்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

பேட்டரியை மாட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை மூன்று முறை திருப்பி அழுத்தம் ஏற்றி, ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த வெள்ளைத் தாளால் சுற்றித் துடையுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். அதன் பிறகு இன்ஜினை ஓட்டி, ஒருவர் உள்ளே இருந்து எந்த நொடியும் அணைக்கத் தயாராக இருக்க, மறுபடி ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு மூன்றாவது முறை. சூட்டில் நெகிழும் இணைப்பு குளிரில் ஒழுங்காகவே இருக்கும்.

இத்தனையும் காய்ந்திருந்தால் டேங்கை நிரப்பி, திறந்த இடத்தில் நிறுத்தி, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை சுத்தமான அட்டைகளை அடியில் விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் அட்டையில் வட்டமாகக் கறை இருந்தால், அது டேங்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுந்திருக்கிறது என்று அளந்துகொண்டு, நேர் மேலே உள்ள இடத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் மேலும் உள்ள இணைப்பிலிருந்து டால்கம் பவுடரோடு தேடத் தொடங்குங்கள்.